மட்டி வெந்த தண்ணீர்

ஆய்வகத்தின் பின்பக்கமிருந்த எலிக்கூடத்தைக் காலி செய்த அன்று, ஓய்வு பெற்றுவிட்ட என்னையும் மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூண்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அறையில் மரத்தூள் வாடை மட்டும் மிச்சமிருந்தது. இப்போது அந்தப் பிரிவில் வேலை பார்க்கும் நித்யா என்ற இளம்பெண் எனக்கு டீ கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “சார், நீங்க எலி காலத்துலயும் இருந்தீங்க, மெஷின் காலத்துலயும் இருந்தீங்க. ரெண்டுல எது சரியாச் சொல்லும்னு நம்ம ஆய்வக ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன். புதுசா வந்த பசங்க படிப்பாங்க.”

எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். நான்கு மாதமாக ஒரு வரியும் எழுதவில்லை. எப்படித் தொடங்கினாலும் அது ஒரே ஒரு சாம்பிளில் போய் நின்றது. அந்த சாம்பிளைப் பற்றிச் சொல்லாமல் எலியைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் எழுதுவது பொய். அதனால் அதையே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களில் இந்தத் துறை தெரியாதவர்களும் இருப்பார்கள். மட்டி என்பது ஏரியின் சேற்றில் புதைந்து கிடக்கும் சிப்பி வகை. நாள் முழுக்கத் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வாழும். சில சமயம் அந்த நுண்ணுயிர்களிலேயே விஷமுள்ள ஒரு வகை திடீரென்று பெருகிவிடும். மட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தன் சதையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். தின்கிற மனிதனுக்குத்தான் ஆபத்து. முதலில் உதடு மரத்துப் போகும், பிறகு விரல்கள், பிறகு கால்கள். கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள் நின்றுவிடும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். இந்த விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் அழியாது. கடைசியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கெட்டது அதில்தான்.

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் ஒரு குப்பம் என் ஊர். நைனா கடலுக்குப் போகிறவர், கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். குப்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவனும் நான்தான். விலங்கியல் படித்துவிட்டுச் சென்னையில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவினேன், எலிகளுக்குத் தீனி போட்டேன். அடுத்த வருடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

கற்றுக் கொடுத்தவர் ரெபெக்கா மேடம். பிரிவுக்குத் தலைவி. குள்ளமாக இருப்பார், குரலை உயர்த்த மாட்டார். தப்பு செய்தவனைத் திட்டுவதும் இல்லை. அவன் செய்த வேலையை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து முதலிலிருந்து தானே செய்வார். அதற்குத் திட்டே மேல் என்று தோன்றும்.

எலிச் சோதனை இப்படித்தான். மட்டியைப் பச்சையாக உடைத்துச் சதையை எடுத்து, கழுவி, சல்லடையில் வடியவிட வேண்டும். நூறு கிராம் எடுத்து அரைத்து, அதே அளவு அமிலம் கலந்த நீர் விட்டு, அடுப்பில் ஐந்து நிமிடம் மெதுவாகக் கொதிக்க விட வேண்டும். ஆற வைத்தால் சக்கை அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கிற தண்ணீர்தான் நமக்கு வேண்டும். அதில் ஒரு மில்லி எடுத்து எலியின் வயிற்றில் ஊசியால் ஏற்றிவிட்டு, அந்த நொடியே ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். ஒரு சாம்பிளுக்கு மூன்று வெள்ளைச் சுண்டெலிகள். எலியின் எடை இருபது கிராமுக்கு முன்னே பின்னே ஒன்றிரண்டு இருக்கலாம், அதற்கு மேல் கூடாது.

விஷம் இருந்தால் எலி முதலில் அடங்கி உட்காரும். பின்கால்கள் இழுக்கும். பிறகு வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கும். கடைசி மூச்சு வரை எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. சீக்கிரம் செத்தால் விஷம் அதிகம்.

முதல் தடவை எலி அசையாமல் கிடந்ததும் வாட்சை நிறுத்திவிட்டேன். மேடம் என் கையிலிருந்து அதை வாங்கி மறுபடி ஓடவிட்டார்.

“செத்துருச்சு மேடம்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சில நொடிகள் கழித்து எலி இன்னொரு முறை வாயைத் திறந்து மூடியது.

“ஒவ்வொரு மூச்சையும் எழுதுங்க தனபால். இதுதான் கடைசின்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. அதுக்கப்புறம் ஒண்ணு வரலைன்னா அது கடைசி.”

மேடத்தின் இன்னொரு பிடிவாதம், சாம்பிளோடு வரும் அட்டை. அதை அவர் ஜாதகம் என்பார். எங்கே எடுத்தது, யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, ஐஸில் வந்ததா, பச்சையா வெந்ததா என்று கேள்விகள் இருக்கும். “எலி பொய் சொல்லாது. நாம எதைக் குடுக்கிறோமோ அதுக்குத்தான் அது பதில் சொல்லும். எதைக் குடுத்தோம்னு சொல்றது இந்த அட்டைதான்” என்பார்.

நான் சேர்ந்து சில வருடங்களில் மெஷின் வந்தது. ஒரு பக்கம் சாற்றைச் செலுத்தினால், மெல்லிய குழாய்க்குள் ஓடி, அதிலிருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மறுபக்கம் வெளிவரும். அங்கே ஒரு விளக்கு. விஷம் வரும் நொடியில் அந்த வெளிச்சத்தில் மினுங்கும். காகிதத்தில் நேர்கோடு போட்டுக்கொண்டிருக்கும் பேனா மேடுபோல் எழுந்து இறங்கும். எலி உணராத சிறு அளவைக்கூட மெஷின் காட்டிவிடும். ஆனால் நாம் முன்கூட்டியே அறிமுகம் செய்து வைத்த விஷத்தைத்தான் அதற்கு அடையாளம் தெரியும். புதிய விஷம் வந்தால் கண்டுகொள்ளாது. எலிக்கு அறிமுகம் தேவையில்லை, எது வந்தாலும் சாகும். ஆனால் ஏன் செத்தது என்று சொல்லத் தெரியாது. எந்த சாம்பிள் வந்தாலும் இரண்டிலும் சோதித்து, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட வேண்டும் என்பது அப்போது எங்கள் பிரிவுக்குக் கொடுத்திருந்த வேலை.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, ஆய்வகத்துக்குப் போன் வந்தது. என் அக்கா பூங்காவனம். எங்கள் குப்பத்திலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். மளிகைக் கடைப் போனிலிருந்து பேசினாள். கடலில் பேசுகிற குரலில்தான் போனிலும் பேசுவாள்.

“தம்பி, முகத்துவாரத்தாண்ட தண்ணி செவந்து கீதுடா. துரு கலந்தாப்புல. மட்டி எடுக்கலாமா வாணாமான்னு பொம்பளைங்கல்லாம் கேக்குறாங்க. நீ வந்து பாத்து சொல்ற வரைக்கும் எடுக்க வாணாம்னு சொல்லிக்கீறேன். உங்க எலியக் கேட்டு சொல்லு.”

மேடத்திடம் சொன்னேன். உடனே கிளம்பச் சொன்னார். தெர்மோகோல் பெட்டியில் ஐஸை நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்போது பாலம் கிடையாது. பழவேற்காட்டில் இறங்கி, படகில் ஏரியைக் கடந்து குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

ஏழுமலை மாமா, அக்காவின் புருஷன், டைபாய்டு வந்து இருபது நாளாய்ப் படுத்து அப்போதுதான் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தார். கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“வாய்யா எலி டாக்டரு. எலி இன்னா சொல்லுது?”

“இன்னும் கேக்கல மாமா.”

“எங்க கேக்கப் போற. நீ ஊசி போட்டா அது செத்துப் போவுது. செத்தது எப்டிரா பதில் சொல்லும்?”

“சாவறதுதான் மாமா பதிலு.”

“நல்ல பதில் இன்னா?”

“உயிரோட ஓடுறது.”

“அப்ப எலி பொழப்பும் நம்ம பொழப்பும் ஒண்ணுதான்னு சொல்லு” என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அக்கா உள்ளேயிருந்து, “வாயக் கொஞ்சம் மூடிக்கினு இரேன். பேசிப் பேசியே மறுபடியும் காய்ச்சல இஸ்துக்கப் போற” என்றாள்.

முகத்துவாரத்துப் பக்கம் போய் இடுப்பளவு தண்ணீரில் அக்காவும் நானும் ஒரு கூடை மட்டி எடுத்தோம். பாதியை வலைப்பையில் கட்டிக் கரையோரத் தண்ணீரில் உயிரோடு போட்டு வைத்தாள். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைக்க உட்கார்ந்தேன். மீனவன் மகன்தான், ஆனால் பச்சை மட்டியைக் கத்தியால் திறந்து எனக்குப் பழக்கமில்லை. எங்கள் ஊரில் யாருக்குமே இல்லை. பத்துப் பதினைந்து திறப்பதற்குள் கத்தி வழுக்கி உள்ளங்கை கிழிந்துவிட்டது. நூறு கிராம் சதைக்கு இன்னும் எத்தனையோ திறக்க வேண்டும். நாலு மணி பஸ்ஸை விட்டால் அன்றைக்குச் சென்னை போய்ச் சேர முடியாது.

அக்கா வந்து நின்று பார்த்தாள். “இன்னாடா இது, சிப்பிக்குக் காது குத்துறாப்புல குத்திக்கினு உக்காந்துக்கீற? ஒரு கொதி விட்டா அதுவா வாயத் தொறக்கப் போவுது.”

“பச்சையா எடுத்தாரச் சொன்னாங்க.”

“அங்க போய் இன்னா பண்ணுவீங்க?”

“கொதிக்க வெப்போம்.”

“அதத்தான நானும் சொல்றேன்!”

அவள் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. இந்த விஷம் கொதித்தாலும் அழியாது என்று படித்திருந்தேன். ஆய்வகத்திலும் ஐந்து நிமிடம் கொதிக்கத்தான் வைக்கிறோம். இங்கே கொதித்தால் என்ன, அங்கே கொதித்தால் என்ன என்று எண்ணினேன். படிப்பு இல்லாதவன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். சொன்னதை அப்படியே செய்திருப்பான்.

அக்கா அகலச் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மட்டியைக் கொட்டி மூடினாள். சற்று நேரத்தில் எல்லாம் வாய் திறந்தன. சதையை விரலால் பொறுக்கிப் பொறுக்கி சுத்தமாக என் டப்பாவில் போட்டாள். சட்டியில் நின்ற வெண்ணிறத் தண்ணீரைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினாள். “நீ சொல்ற வரைக்கும் யாரும் வாய் வெக்கக் கூடாது இல்ல?” என்றாள்.

பழவேற்காட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, ஒல்லாந்தர் கல்லறை வாசல்படியில் உட்கார்ந்து அட்டையை எழுதினேன். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். நாங்கள் சின்ன வயதிலிருந்து அதில் சாய்ந்துகொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்போம். பச்சை, வெந்தது என்ற இரண்டு சொற்களில் ஒன்றை வட்டமிட வேண்டும். வெந்தது என்று போட்டால் மேடம் திருப்பி அனுப்புவார். இவனால் நாலு மட்டி உடைக்க முடியவில்லையா என்று நினைப்பார். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பச்சை என்பதை வட்டமிட்டேன்.

மறுநாள் காலை எலிகளுக்கு ஊசி போட்டேன். மூன்றும் குடுவைக்குள் மூக்கை உயர்த்தி மோந்தன, முகம் கழுவின, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடின. ஒரு மணி நேரம் வரை பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மெஷினில் மட்டும் பேனா ஒரு சின்ன மேடு போட்டது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு ரொம்பக் கீழே. மேடம் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தனபால், இது பச்சையாத்தானே வந்துச்சு?”

“ஆமா மேடம்.”

அவர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நோட்டில் இரண்டு முடிவுகளையும் எழுதி, எதிரே ‘ஒத்துப்போகிறது’ என்று குறித்தார். ஊருக்குச் சொல்லிவிடச் சொன்னார். கடைக்குப் போன் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டு வரச் சொல்லிக் காத்திருந்தேன்.

“பயப்பட வாணாம்க்கா. சாப்பிடலாம்.”

“எலி சொல்லிருச்சா?”

“எலியும் சொல்லிருச்சு, மெஷினும் சொல்லிருச்சு.”

அவள் போனை வைக்காமலேயே கடையிலிருந்தவர்களிடம், “என் தம்பி பாத்துட்டான், சாப்பிடலாமாம்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன், வலைப்பையில் உயிரோடு கிடந்த மட்டியை எடுத்து வேக வைத்திருக்கிறாள். சதையை எல்லோரும் தின்றார்கள். நாலைந்து பேருக்கு உதடு மரத்ததோடு போயிற்று. மாமாவுக்கு வயிறு இன்னும் சரியாகவில்லை என்று சதை கொடுக்கவில்லை. மட்டி வெந்த தண்ணீரில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ஒரு சொம்பு நிறையக் கொடுத்தாள். எங்கள் ஊரில் காய்ச்சல் விட்டு எழுந்தவர்களுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் கொடுப்பார்கள். நானே குடித்து வளர்ந்தவன்.

கொஞ்ச நேரத்தில் மாமா, “இன்னாடி, மொளகக் கொட்டிட்டியா? உதட்டுல எறும்பு ஊறுது” என்று கேட்டிருக்கிறார். பிறகு, “தண்ணி மேல நிக்கிறாப்புல கீது” என்றிருக்கிறார். கட்டிலோடு தூக்கிப் படகில் ஏற்றி, பழவேற்காட்டில் ஒரு வேன் பிடித்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டார். கடைசி வரை கண் திறந்திருந்தது, தான் பேசினதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று அக்கா சொன்னாள். கேட்டிருக்கும். எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்து எழுதியிருக்கிறேன்.

காரியம் முடிவதற்குள் ரெபெக்கா மேடம் மிச்சமிருந்த சாம்பிளை இரண்டு முறை திரும்பச் சோதித்திருந்தார். எலி ஓடியது. மெஷின் அதே சின்ன மேட்டைப் போட்டது. இரண்டு முறையும் ஒத்துப்போனது. அவருக்குப் பிடிபடவில்லை. நமக்கு அடையாளம் தெரியாத வேறு விஷமா என்று யோசித்தார். “அந்த வீட்டுச் சமையலை நான் பார்க்கணும்” என்று என்னோடு படகில் வந்தார்.

தாலி எடுத்த வீட்டுக்குள் அவரைக் கூட்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அன்றைக்குச் சமைத்த மாதிரியே ஒரு தடவை செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். நான் போய் அதே இடத்தில் மட்டி எடுத்து வந்தேன். அதில் கொஞ்சத்தை மேடம் தனியாக வாங்கி, தானே கத்தியால் திறந்து, பச்சைச் சதையைப் புட்டியில் போட்டார். ஒன்றில்கூடக் கத்தி வழுக்கவில்லை. அக்கா மீதியைச் சட்டியில் கொட்டி மூடினாள்.

“தம்பிக்கும் அன்னிக்கு இப்டித்தாம்மா வேக வெச்சுப் பொறுக்கிக் குடுத்தேன். கத்தியில கையக் கிழிச்சுக்கினான், பாவம்” என்றாள்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தத் தண்ணிய என்னம்மா பண்ணுவீங்க?”

“இதத்தாம்மா அவருக்குக் குடுத்தேன். சதைய விட இதுலதான் சத்து.”

திரும்பும்போது படகில் மூன்று புட்டிகள் இருந்தன. பச்சைச் சதை, வெந்த சதை, வெந்த தண்ணீர். மேடம் ஏரியைப் பார்த்தபடி வந்தார்.

ஆய்வகத்தில் ஊசியை மேடமே போட்டார். வாட்சை என் கையில் கொடுத்தார். வெந்த சதை கொடுத்த எலிகள் ஓடின. பச்சைச் சதை கொடுத்தவை செத்தன. வெந்த தண்ணீர் கொடுத்தவை அவற்றைவிடச் சீக்கிரம் செத்தன. ஒவ்வொரு மூச்சையும் எழுதினேன். கடைசியாக ஒன்று வந்ததற்கப்புறமும் பேனாவைக் கீழே வைக்காமல் இன்னொன்றுக்குக் காத்திருந்தேன்.

மேடம் மெதுவாகக் கேட்டார்: “நாம எதுக்கு தனபால் கொதிக்க வைக்கிறோம்?”

“விஷம் தண்ணியில இறங்கறதுக்கு மேடம்.”

“தெரியுமில்ல.”

அவ்வளவுதான். நாங்கள் கொதிக்க வைப்பது தண்ணீருக்காக. சக்கையை எறிந்துவிடுவோம். அக்கா கொதிக்க வைத்தது சதைக்காக. தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு, நாங்கள் எறிய வேண்டியதை எனக்குப் பொறுக்கிக் கொடுத்தாள். நான் அதைப் பச்சை என்று எழுதிக் கொண்டுவந்தேன். எலியும் மெஷினும் அந்தச் சக்கையைப் பற்றி உண்மையைத்தான் சொல்லின.

மேடம் தன் அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. வெந்த சாம்பிள் பச்சை என்று பதிவானது, மெஷின் காட்டிய மேட்டைப் பார்த்தும் அதைச் சரிபார்க்காமல் விட்டது தன் தவறு என்று எழுதினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அறிக்கை அலுவலகக் கோப்போடு நின்றது. ஊருக்குப் போனது ஒரு நோட்டீஸ் மட்டும்: மட்டி வேக வைத்த தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில்தான் விஷம் இறங்குகிறது.

மாமாவின் அம்மா அஞ்சலை அத்தை, யாரோ படித்துக் காட்ட அதைக் கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, “எம்புள்ளைக்கு ஒங்கையால வெசத்த ஊத்துனியேடி” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா அழுதுகொண்டே, “தம்பி சாப்பிடலாம்னு சொன்னானே அத்த” என்றாள்.

“மட்டியத் துன்னலாம்னு சொன்னான். தண்ணியக் குடுக்கச் சொன்னானா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. படித்தவன், ஊருக்கு நல்லது சொன்னவன் என்று அவர்கள் வைத்திருந்த இடத்திலிருந்து இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மேடம் கேட்டார்: “உங்க அக்காகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டீங்களா? நான் சொல்றதைவிட நீங்க சொல்றதுதான் முறை.”

“சொல்லிட்டேன் மேடம்.”

முன்பு ‘ஆமா மேடம்’ என்று சொன்ன அதே குரல்தான். இந்த முறையும் அவர் நம்பினார். பிறகு வேலை நிரந்தரமானது, பதவி உயர்ந்தது. மேடம் ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டார், சில வருடங்களில் இறந்தும் போனார். என் சர்வீஸ் முழுவதும் வெந்த சாம்பிள் ஒன்றுகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. ரொம்பக் கறாரான ஆள் என்று எனக்குப் பெயர்.

அக்கா வீட்டில் அன்றிலிருந்து இரண்டு அடுப்பு. அத்தை, தன் மகன் செத்த வீட்டை விட்டுப் போகவும் இல்லை, மருமகள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கவும் இல்லை. முற்றத்தின் ஒரு மூலையில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். அக்காவின் மகளை ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், இரண்டு அடுப்புதான். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைக்க யாரும் அக்காவைக் கூப்பிடுவதில்லை. பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்ப்பேன். அக்கா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு பஸ் ஏறுவேன்.

நித்யா கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். எலியும் சரியாகச் சொல்லும், மெஷினும் சரியாகச் சொல்லும். இப்போது வந்திருக்கும் புது மெஷின் இரண்டையும்விடச் சரியாகச் சொல்லும். அன்றைக்கு அது இருந்திருந்தாலும் மாமா செத்திருப்பார். இரண்டு முறைகள் ஒத்துப்போனால் நிம்மதி அடையாதீர்கள். இரண்டுக்கும் ஒரே பொருளைத்தானே கொடுத்தீர்கள். அது என்ன பொருள் என்று சொல்கிற ஆள் பயந்தவனாக இருந்தால், எந்த முறையும் உங்களைக் காப்பாற்றாது.

இவ்வளவும் எழுதிய பிறகு, இதை அக்காவுக்குச் சொல்லாமல் உங்களுக்கு அச்சில் கொடுப்பது எப்படி என்று தோன்றியது. போன வாரம் ஊருக்குப் போனேன். அக்கா வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அட்டையைப் பற்றி, வட்டத்தைப் பற்றி எல்லாம்.

“பச்சைன்னு எழுதுனா இன்னா, வெந்ததுன்னு எழுதுனா இன்னா? எனக்குப் புரியறாப்புல சொல்லு” என்றாள்.

“வெந்ததுன்னு எழுதியிருந்தா மேடம் என்னத் திருப்பி அனுப்பியிருப்பாங்க. மறுபடியும் வந்து பச்சையா எடுத்துக்கினு போயிருப்பேன். எலி செத்திருக்கும். துன்னாதீங்கன்னு போன் பண்ணியிருப்பேன்க்கா. நீ அந்தச் சட்டியையே அடுப்புல வெச்சிருக்க மாட்ட.”

அவள் கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைக்கவில்லை.

“அப்ப அவரக் கொன்னது எங்கை இல்லையா?”

“இல்லக்கா.”

“இத்தினி வருசமும் தெரிஞ்சுக்கினேதான் எங்கையால துன்னுட்டுப் போனியா?”

“ம்.”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தின் மறுமூலைக்குப் போனாள். அத்தை தன் அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கண் கொஞ்சம் தெரிகிறது. காது சுத்தமாகப் போய்விட்டது.

“எங்கிட்ட சொன்னத இதுக்குச் சொல்லு.”

நான் குனிந்து அத்தையின் காதருகே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “யாரு, தனபாலா? சாப்ட்டியா?” என்றார்.

“காதாண்ட குசுகுசுன்னு சொல்லாத. நிமிந்து நின்னு சொல்லு” என்றாள் அக்கா.

நிமிர்ந்தேன். எதிர்ப்பக்கம் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்களும் திரும்பினார்கள்.

“அத்த, மாமா செத்ததுக்கு அக்கா காரணம் இல்ல. நாந்தான். நான் பொய் எழுதுனேன்.”

“இன்னா?” என்றார் அத்தை, காதின்மேல் கையைக் குவித்து.

“இன்னும் சத்தமா” என்றாள் அக்கா.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.